பக்கத்துக் கட்டடத்துப் பெண்ணின் பெயர்

(நமது கிளப்ஹவுஸில் நடந்த மகளிர் தினக் கூட்டத்தில், பி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். கடைசியில் நடந்த கேள்வி பதிலையும் சேர்த்திருக்கிறோம். – செய்திமடல் குழு)



நான் மேடைப் பேச்சாளர் இல்லை. 29 வருஷம் வகுப்பறையில் பேசியவள். 40 நிமிடம் ஆனதும் மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் போகத் தெரியும், அவ்வளவுதான். செயலாளர் எனக்கு 20 நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். பார்ப்போம்.

என்ன பேசட்டும் என்று அவரிடம் கேட்டேன். அவர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். நம் வளாகத்திலிருந்து கான்வென்ட் பள்ளிகளுக்குப் போகிற பெண் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் சங்க அலுவலகத்துக்கு இப்படி ஒரு நோட்டோடு வருகிறார்களாம். பூங்காவில் குப்பை பொறுக்கினேன், 2 மணி நேரம், கையெழுத்துப் போடுங்கள் அங்கிள். செடிக்குத் தண்ணீர் விட்டேன், 1 மணி நேரம், கையெழுத்துப் போடுங்கள். மழை பெய்த நாளில்கூடத் தண்ணீர் விட்டதாக ஒரு பக்கம் இருந்தது. செயலாளர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுத்திருக்கிறார். "நீங்கள் இப்படிப்பட்ட பள்ளியில்தானே வேலை பார்த்தீர்கள், இதனால் பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஏதாவது வருகிறதா, சொல்லுங்களேன்" என்றார்.

வருகிறது. ஆனால் அந்த நோட்டால் வருவதில்லை.

நான் வேலை பார்த்தது சென்னையில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி. பெயர் இங்கே வேண்டாம். நான் கிறிஸ்தவர் இல்லை. என் மாணவிகளில் பெரும்பாலோரும் இல்லை. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நீதிபோதனை நடக்கும். அதைப் பல வருஷம் நான்தான் எடுத்தேன். அதனால் வெளியாள், உள்ளாள் என்று இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. அயர்லாந்தில் கார்க் என்று ஒரு ஊர். 1718ஆம் ஆண்டு பிறந்த நானோ நேகிள் என்ற பெண்மணி, வசதியான கத்தோலிக்கக் குடும்பம். அந்தக் காலத்தில் அங்கே பிரிட்டிஷ் ஆட்சியின் சட்டப்படி கத்தோலிக்கர்கள் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது, பிள்ளைகளைப் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. பணம் இருந்தவர்கள் யாருக்கும் தெரியாமல் பிரான்சுக்கு அனுப்பினார்கள். நானோவும் அப்படிப் படித்தவர்தான். பணம் இல்லாதவர்களின் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். 1750களின் நடுவில், பிரான்சிலிருந்து திரும்பிய அந்த அம்மா ஒரு சந்தில் சின்ன வீடு பிடித்து, ஏறக்குறைய 30 பிள்ளைகளோடு ரகசியமாக ஒரு பள்ளி ஆரம்பித்தார். தன் வீட்டாருக்கே முதலில் சொல்லவில்லை. பிறகு அது ஏழு பள்ளிகளாகப் பெருகியது. ஐந்து பெண்களுக்கு, இரண்டு பையன்களுக்கு. பகலில் பள்ளி, இரவில் கையில் லாந்தர் விளக்கோடு சந்து சந்தாகப் போய் நோயாளிகளையும் முதியவர்களையும் பார்ப்பார். இன்றைக்கும் அவர் படத்தை வரைந்தால் கையில் ஒரு லாந்தரை வரைந்துவிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் அதற்கு அப்புறம் வருகிறது. தனக்குப் பின் இந்தப் பள்ளிகளை யார் நடத்துவது என்று யோசித்து, 1771இல் உர்சுலைன் சபைக் கன்னியரைத் தன் சொந்தப் பணத்தில் கார்க் நகருக்குக் கொண்டுவந்தார். நல்ல படிப்பாளிகள். ஆனால் அவர்கள் விதிப்படி மடத்துச் சுவரைத் தாண்டக் கூடாது. பிள்ளைகள் உள்ளே வரலாம், இவர்கள் சந்துக்குள் போக முடியாது. சுவருக்குள் இருந்துகொண்டு எப்படி இந்த வேலையைச் செய்வது? 57 வயதில், 1775 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு தானே வேறொரு சபை தொடங்கினார். தெருவில் நடக்கிற சபை. பின்னால் பிரசன்டேஷன் சபை என்று பெயர் பெற்றது அதுதான்.

1784இல் அவர் இறந்தார். 1805இல் சபைக்குப் போப்பாண்டவரின் முழு அங்கீகாரம் கிடைத்தது. அதோடு என்ன வந்தது தெரியுமா? சுவர். இவர்களும் மடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஆகிவிட்டது. 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடிய பிறகுதான் அந்தக் கதவு நன்றாகத் திறந்தது. இடையில் 1842இல், இந்தச் சகோதரிகள் கப்பல் ஏறி மதராஸுக்கு வந்து, இன்றைய ஜார்ஜ் டவுனில் பள்ளி ஆரம்பித்தார்கள். சர்ச் பார்க் பள்ளி 1909இல் வந்தது. புதுச்சேரிக்கு க்ளூனி சபைச் சகோதரிகள் 1827இலேயே வந்துவிட்டார்கள். ஊட்டியில் 1877இல் தொடங்கிய சபைதான் பிறகு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை நடத்தியது. நம் ஊரில் பெண் படிப்பு என்று பேசினால் இவர்களைத் தாண்டிப் போக முடியாது.

எதற்கு இவ்வளவு சுவர்க்கதை என்றால், எங்கள் பள்ளியிலும் ஒரு சுவர் இருந்தது.

சென்னையில் பழைய கான்வென்ட்டுகள் பலவற்றின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளிகள். ஒன்று கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளி. இன்னொன்று அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி. ஆரம்பத்தில் இதற்கு நல்ல காரணம் இருந்தது. கட்டணப் பள்ளியின் வருமானத்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளி நடந்தது. ஆனால் 100 வருஷத்தில் அது இரண்டு ஊராகிவிட்டது. வேறு சீருடை, வேறு அசெம்பிளி, வேறு ஆண்டு விழா. இந்தப் பக்கம் டிபன் பாக்ஸ், அந்தப் பக்கம் சத்துணவுத் தட்டு. நடுவில் இடுப்பு உயரச் சுவர்தான். தாண்டிக் குதிக்கலாம். யாரும் குதித்ததில்லை.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சேவை செய்யவில்லையா? நிறையச் செய்தார்கள். தவக்காலத்தில் 40 நாள் உண்டியல். பிடி அரிசி என்று ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவந்து மூட்டை கட்டுவோம். என்.எஸ்.எஸ்., ஜூனியர் ரெட் கிராஸ், கைட்ஸ் எல்லாம் உண்டு. அக்டோபர் முதல் தேதி முதியோர் தினம் வந்தால் பஸ் வைத்து முதியோர் இல்லம் போவோம். ஒருமுறை அங்கே ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாரத்துல நீங்க நாலாவது ஸ்கூலும்மா. எல்லாரும் அதே பாட்டத்தான் பாடறாங்க" என்றார். டிசம்பர் மாதம் அங்கே எல்லோருக்கும் சர்க்கரை ஏறிவிடும், அத்தனை கேக். ஜனவரியிலிருந்து ஒரு ஆள் எட்டிப்பார்க்க மாட்டார். கூடவே போட்டோ வேறு. பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுக்கிற கை, வாங்குகிற கை, இரண்டையும் நிறுத்திவைத்து எடுக்கிற அந்தப் போட்டோவைப் போல எனக்கு எரிச்சல் தருவது வேறில்லை.

இப்படிப் பஸ் ஏறி 12 கிலோமீட்டர் போய்ச் சேவை செய்துவிட்டு வந்த பெண்ணிடம், சுவருக்கு அந்தப் பக்கம் தன் வயதில் படிக்கிற ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டால் தெரியாது.

இதைச் சட்டமும் சரி செய்யாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இங்கே இரண்டு தரப்பும் பழக வேண்டுமென்றால் பள்ளியே மனம் வைத்து ஏதாவது செய்தால்தான் உண்டு.

எங்களுக்குப் புதிதாக ஒரு தலைமைச் சகோதரி வந்தார். நானோ நேகிள் கதையை ஆசிரியர் கூட்டத்தில் எனக்குச் சொன்னவரே அவர்தான். வந்த முதல் வருஷமே ஒரு காரியம் செய்தார். ஒன்பதாம் வகுப்புக்கு வெளிச் சேவை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், இரண்டு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பும் நூலகத்திலும் மர நிழலிலும் ஜோடி ஜோடியாக உட்கார வேண்டும். இந்தப் பெண் அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க உதவ வேண்டும். அந்தப் பெண் இவளுக்குத் தமிழ் வாசிக்க உதவ வேண்டும்.

இந்த இரண்டாவது பாதிதான் விஷயம். நான் தமிழாசிரியை, எனக்குத் தெரியும். ஆங்கிலவழிப் பிள்ளைகளில் பலர் தினசரிப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டுவார்கள். தேர்வில் 90 வாங்குவார்கள், அது வேறு. அந்தப் பக்கத்துப் பெண்கள் கடகடவென்று வாசிப்பார்கள். ஆக, இருவர் கையிலும் கொடுக்க ஏதோ இருந்தது. ஒருத்தி மட்டும் கொடுத்து ஒருத்தி மட்டும் வாங்கியிருந்தால் அது இன்னொரு முதியோர் இல்லப் பயணமாகத்தான் ஆகியிருக்கும்.

முதல் மாதம் பார்க்கச் சகிக்காது. பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் அதற்கு ‘ஜோடி பீரியட்’ என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். பெற்றோரிடமிருந்து புகார். கணக்குப் பாடத்துக்கான நேரம் போகிறது என்று ஒருவர். தலையில் பேன் வந்துவிட்டது என்று இன்னொருவர். பேன் எந்த மீடியத்தில் படிக்கிறது என்று சிஸ்டர் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் புகார் வரவில்லை.

மூன்றாவது வாரமோ என்னவோ, ஒரு பெண் பெரிய பை நிறையத் தன் பழைய உடைகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள், தன் ஜோடிக்குக் கொடுக்க. நல்ல மனசுதான். சிஸ்டர் அந்தப் பையை வாங்கித் தன் அறையில் வைத்துக்கொண்டார். "அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்னு தெரியுமா? அவளுக்குத் தங்கச்சி இருக்காளா? அவ அம்மா பேர் என்ன?" ஒன்றுக்கும் பதில் இல்லை. "முதல்ல அதையெல்லாம் கேட்டுட்டு வா. பை எங்கயும் போகாது." அந்தப் பை வருஷக் கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தது. பழகிய பிறகு அதைக் கொடுக்க அவளுக்கே கூச்சமாகிவிட்டது. ஆனால் பிறந்தநாளுக்குக் கடைக்குப் போய் ஒரு சுடிதார் வாங்கிக் கொடுத்தாள், மெரூன் கலரில். அந்தப் பெண் பதிலுக்கு இவள் பிறந்தநாளுக்குப் பானகத்தில் போடுகிற மாதிரி ஏதோ பொடி இடித்துக் கொண்டுவந்தாள். இவளுக்குத் தொண்டை கட்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எல்லா ஜோடியும் இப்படி அமையவில்லை. பாதிக்குப் பாதி அந்த வருஷத்தோடு சரி. சில ஜோடிகள் சண்டை போட்டன. பணம் கடன் வாங்கித் திருப்பித் தராத கதையும் உண்டு. நான் அதைக்கூடக் குறையாக நினைக்கவில்லை. தானம் வாங்குகிறவளோடு யாராவது சண்டை போடுவார்களா?

பிறகு 2015 வந்தது. டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் பாதியிலிருந்தே மழை விடுமுறை. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போய்விட்டது. தண்ணீர் வடிந்ததும் எங்கள் பள்ளிக் கூடத்தில் நிவாரணப் பொருள் பிரிக்கிற வேலை நடந்தது. லாரி லாரியாக வந்தது என்ன? பழைய துணி. ஒரு மூலையில் மலை மாதிரிக் குவிந்து, ஈர வாடை அடித்து, கடைசியில் அதை அப்புறப்படுத்த ஆள் தேட வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், அதாவது முந்தைய வருஷம் ஜோடியாக உட்கார்ந்தவர்கள், ஒரு நோட்டில் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தார்கள். அவள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது மிஸ், பால் பவுடர். இவள் பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை, பழைய சீட்டு இல்லை, ஆனால் மாத்திரை பெயர் இவளுக்குத் தெரியும். இன்னொருத்தியின் அப்பா தையல்காரர், மிஷினுக்குள் சேறு போய்விட்டது. வகுப்பே பணம் போட்டு அந்த மிஷினைப் பிரித்துச் சுத்தம் செய்து மோட்டார் மாற்றிக் கொடுத்தது. எந்த நிவாரணப் பட்டியலிலாவது தையல் மிஷின் மோட்டார் இருந்து பார்த்திருக்கிறீர்களா?

அதோடு போகவில்லை. வெள்ளம் மாடி வீட்டுக்காரர், குடிசைக்காரர் என்று பார்க்கவில்லை அல்லவா. ஒரு ஆங்கிலவழி மாணவியின் வீடு தரைத்தளம், கழுத்தளவு தண்ணீர். அவளுடைய ஜோடியும் அந்தப் பெண்ணின் அம்மாவும் வந்து இரண்டு நாள் சேறு வாரிக் கழுவிக் கொடுத்தார்கள். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. "எம் பொண்ணோட ஃப்ரெண்டு வீடுங்க" என்றாராம். வீட்டுக்கார அம்மா பிறகு என்னிடம் சொன்னார்: "அதுக்கு முன்னால அவங்க வந்திருந்தா ஹாலோட நிறுத்தியிருப்பேன் டீச்சர்." அந்த வாக்கியத்தை வெளியே சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நான் முகத்தில் பார்த்தேன்.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். கோபப்படாதீர்கள். காலையில் நம் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வருகிற பெண்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் நம் பிள்ளைகள் படிக்கிற அதே காம்பவுண்டில் படிக்கிறார்கள், தெரியுமா? நான் பேச்சுக்காகக் கேட்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது ஒவ்வொருவராக விசாரித்தேன். இதுவரை ஐந்து பேர் கிடைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஒரே நேரத்தில் மணி அடிக்கிறது, ஒரே கேட் வழியாக வெளியே வருகிறார்கள். நம் பெண் வேனில் ஏறுகிறாள். அந்தப் பெண் நடந்து வந்து, அம்மா வேலை முடிக்கும் வரை நம் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பச்சை ரிப்பன், இரட்டைப் பின்னல். பார்த்திருப்பீர்கள். நம் பெண் பூங்காவில் குப்பை பொறுக்கும் இடத்திலிருந்து 20 அடி தூரம்.

மணி அடித்துவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

கேள்வி (டி பிளாக்): அப்படியானால் அந்தப் பிள்ளைகளுக்கு நம் கிளப்ஹவுஸில் இலவச டியூஷன் வைக்கலாமே? இரண்டு பேர் சொல்லித்தரத் தயாராக இருக்கிறோம்.

வைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு டியூஷன்தான் வேண்டுமா என்று கேட்டீர்களா? நான் அந்தத் திண்ணைப் பெண்ணிடம் கேட்டேன். அவள் கணக்கில் வகுப்பிலேயே முதல். உங்கள் பெண்ணுக்கு அவள் சொல்லித்தரலாம். அவளுக்கு வேண்டியது வெளிச்சம். ஆறு மணிக்கு மேல் அந்தத் திண்ணையில் எழுத்துத் தெரியவில்லை என்றாள்.

கேள்வி (ஏ பிளாக்): பணியாளர்களின் பிள்ளைகள் கிளப்ஹவுஸைப் பயன்படுத்த நம் சங்க விதியில் இடமில்லையே?

இல்லை. நானும் படித்துப் பார்த்தேன். விதி 'குடியிருப்பாளரும் அவர்களின் விருந்தினரும்' என்று சொல்கிறது. விருந்தினர் யார் என்று நாம்தானே சொல்ல வேண்டும்? அந்தப் பெண் வருகிற திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு என் விருந்தாளி. வாசிப்பு அறையில் இருப்போம். அவளோடு உட்கார யாராவது தங்கள் பெண்ணை அனுப்புவதானால், ஒரு கணக்குப் புத்தகமும் ஒரு தமிழ்ப் பத்திரிகையும் கொடுத்தனுப்புங்கள். அந்தக் கையெழுத்து நோட்டு வேண்டாம்.